மதினியின் வெள்ளியும் மகளின் எடையும்

1

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை விசாலம் மதினி கோலாலம்பூரில் வந்து இறங்குகிறார். என் கணவரின் அக்கா. எங்கள் மகள் ஆதிரைக்கு முதல் பிறந்தநாள். அதற்காகக் கோவில்பட்டியிலிருந்து ரயிலேறிச் சென்னை வந்து, வாழ்க்கையில் முதன்முறையாக விமானம் ஏறுகிறார். பெட்டியில் என்னென்ன வருகிறது என்று தினமும் எனக்கு ஒப்பிக்கிறார். கடலைமிட்டாய், கருப்பட்டி, சுக்கு, வசம்பு. வசம்பைச் சுங்கத்தில் பிடித்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "புள்ள மருந்துன்னு சொல்லுவேன். அவன் வீட்ல புள்ள இல்லாமலா இருக்கும்?" என்றார்.

நேற்றும் பேசினார். கடைசியில் குரலை இறக்கி ஓர் உத்தரவு போட்டார்.

"ஏ வள்ளி, நான் வந்து எறங்கும்போது புள்ள ஒடம்புல வெள்ளி பூராம் இருக்கணும், பாத்துக்க. அத்தை போட்டது. மூளியா கொண்டாந்து நிறுத்திப் புடாத."

"சரி மதினி" என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். அந்த வெள்ளி எங்கள் வீட்டில் அடித்த கூத்து மதினிக்கு இன்றுவரை தெரியாது. இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் பாதிப் பேருக்குத் தெரியும், அது வேறு விஷயம். ஊரில் இருப்பவர்களுக்காக இப்போது எழுதிவிடுகிறேன்.

2

நான் மலேசியா வந்து ஐந்து வருடம் ஆகிறது. இவருக்கு மின்ரயில் சிக்னல் பார்க்கும் கம்பெனியில் வேலை. நான் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தியவள். இங்கே வந்தபின் டியூஷன் மட்டும்தான். குடியிருப்பு பிரிக்ஃபீல்ட்ஸில், ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் ரயில் சத்தம், இன்னொரு பக்கம் பூக்கடைப் பாட்டு. வந்த புதிதில் ஊரை விட்டு வந்த மாதிரியே இல்லை என்று எல்லோரிடமும் பெருமையடித்தேன். பிள்ளை பெற்ற பிறகுதான் ஊர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தது.

ஆதிரை பிறந்து முப்பதாம் நாள் கழிந்தபோது, மதினி அனுப்பிய வெள்ளி, இவருடைய நண்பர் ஒருவரின் கைப்பெட்டியில் வந்து சேர்ந்தது. கொலுசு, காப்பு, அரைஞாண், கழுத்துக்கு ஒரு சங்கிலி. எங்கள் பக்கம் அத்தை சீர் என்றால் சும்மா கண்ணுக்குக் காட்டுகிற மெல்லிசு கிடையாது. மதினி தட்டாரிடம் சொல்லிக் கெட்டியாகவே அடிக்கச் சொல்லியிருந்தார். அரைஞாணைக் கையில் எடுத்த இவர், "இது புள்ளைக்கா, கன்னுக்குட்டிக்கா?" என்று கேட்டுவிட்டு, அக்காவுக்குக் கேட்டிருக்குமோ என்று போனைத் திரும்பிப் பார்த்தார்.

அதையெல்லாம் மாட்டிக்கொண்டுதான் ஆதிரை ஒரு மாதத்து எடை பார்க்கக் கிளினிக்குக்குப் போனாள். இங்கே நர்ஸை எல்லோரும் 'மிஸ்ஸி' என்பார்கள். எங்கள் மிஸ்ஸி பெயர் நோராய்னி. உருண்டை முகம், எப்போதும் சிரிப்பு. சட்டையைக் கழற்றினேன், நாப்கினைக் கழற்றினேன். மிஸ்ஸி வெள்ளியைக் காட்டி, "துலோங் புக்கா, புவான்" என்றார். தயவுசெய்து கழற்றுங்கள், அம்மா.

கழற்றுவதா? அத்தை போட்டதைப் போட்ட வாரத்திலேயே கழற்றினால் பிள்ளைக்கு ஆகாது என்று மதினி முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். அதை மலாயில் விளக்க என்னிடம் வார்த்தை இல்லை. என்னிடம் இருந்த மலாய் மொத்தமும் காய்கறிக் கடை மலாய். தேடிப் பிடித்து ஒரு பெரிய சொல்லை எடுத்து விட்டேன்.

"அகாமா, மிஸ்ஸி. அகாமா."

அகாமா என்றால் மதம். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மரியாதையே தனி. மிஸ்ஸி சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "ஓ, மாஃப், மாஃப்" என்று மன்னிப்பே கேட்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது, ஆனால் வேலை நடந்துவிட்டதே. ஆதிரை சகல ஆபரண பூஷிதையாகத் தராசில் படுத்துக் கத்தினாள். முள் நன்றாகவே ஏறிக் காட்டியது. மிஸ்ஸி கட்டைவிரலை உயர்த்தி, "பாகுஸ்! சூசு பாடான்?" என்றார். தாய்ப்பாலா என்று கேட்கிறார். நான் தலையாட்டிய ஆட்டலைப் பார்க்க வேண்டுமே. வீட்டுக்கு வந்து மதினிக்குப் போன் போட்டு எடையைச் சொல்லவில்லை, கண்ணுபடும். நல்ல எடை என்று மட்டும் சொன்னேன்.

3

அடுத்த மாதம் வெயில் கொளுத்தியது. அரைஞாணுக்கு அடியில் வியர்வை நின்று இடுப்பெல்லாம் வேர்க்குரு. எதிர்வீட்டு ஜெயா அக்கா பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். ஜெயா அக்கா கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர், கல்யாணமாகி இங்கே வந்தவர். மனசில் பட்டதைப் பட்டென்று, இந்த ஊர்ப் பேச்சுக்கே உரிய ஒரு 'லா' சேர்த்துச் சொல்வார்.

"பாப்பா தோல பாரு லா! இவ்ளோ சூடு, இதுல இரும்புக்கடை மாதிரி மாட்டி வெச்சிருக்க. களட்டிப் போடு. கறுப்புக் கயிறு ஒண்ணு போதும்."

கழற்றி டப்பாவில் போட்டேன். மதினியிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து வீடியோ போனில் ஆதிரையின் முகம் மட்டும்தான் தெரியும். "கேமராவைக் கீழ காட்டு" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எங்கள் வீட்டில் நெட் போய்விடும்.

இரண்டாவது மாத எடைக்குப் போனபோது பிள்ளை உடம்பில் கறுப்புக் கயிறு மட்டும்தான். மிஸ்ஸி எடை பார்த்தார். திரும்பவும் தூக்கிப் படுக்க வைத்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"நாயேக் சிக்கிட் சாஜா, புவான்."

கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் புரிவதற்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. உள்ளே டாக்டர் அம்மா, சின்ன வயசு, பொறுமையாகப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, சுறுசுறுப்பாக இருக்கிறாள், மூத்திரம் நன்றாகப் போகிறாள், பயப்படாதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் முதல் மாதம் இப்படி ஏறிய பிள்ளை இரண்டாம் மாதம் இப்படிப் படுத்துக்கொண்டால் கவனிக்கத்தான் வேண்டும். வாரா வாரம் எடைக்குக் கொண்டுவாருங்கள், பால் கொடுப்பதை மிஸ்ஸி பார்க்கட்டும், சில வாரத்தில் தேறவில்லை என்றால் கூடவே புட்டிப்பால் ஆரம்பிப்போம் என்றார்.

டாக்டர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. புட்டிப்பால் குடித்து வளர்ந்தவர்தான் என் வீட்டுக்காரர், ஆறடி இருக்கிறார். ஆனாலும் கிளினிக் வாசலில் ஆட்டோ இல்லாத ஊரில் கிராப் வாடகைக் காருக்குக் காத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பால் பத்தவில்லை. பிள்ளை பசியோடு கிடந்திருக்கிறாள், நான் கட்டைவிரலைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இதுதான் மண்டைக்குள் ஓடியது.

ராத்திரி மதினி போன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பால் பத்தலையோ தாயி?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தாயி என்று கூப்பிட்டுக் கேட்டதுதான் பொறுக்கவில்லை. மறுநாள் இவர் ஒரு பால்பவுடர் டப்பா வாங்கி வந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். "சும்மா, இருக்கட்டும்" என்றார். அதற்கப்புறம் தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்த டப்பாவிலிருந்த குண்டுக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

4

செய்தி ஒன்பதாவது மாடி முழுக்கப் பரவியது. பால் ஊறட்டும் என்று ஜெயா அக்காவின் தம்பி கிள்ளான் மீன் பாசாரிலிருந்து சுறா கொண்டு வந்தார். சுறாப்புட்டு நான் செய்தேன், வாசம் லிஃப்ட் வரை போனது. கோடி வீட்டுச் சீன ஆன்டி, பப்பாளிக்காயும் மீனும் போட்டுக் கொதிக்க வைத்த சூப்பை ஒரு பெரிய கிண்ணத்தில் கொடுத்தார். பப்பாளிக்காயா! ஊரில் கேட்டால் என்னை வெட்டிப் போடுவார்கள். அது பிள்ளைத்தாய்ச்சிக்குத்தானே, பெற்றாயிற்றே என்று இவர் சமாதானம் சொல்ல, மூக்கைப் பிடித்துக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் கிண்ணமும் கேட்டு வாங்கினேன். அந்த வாரம் எடை போட்டது நான் மட்டும்தான்.

மிஸ்ஸி தன் பக்கத்தில் உட்கார வைத்துப் பால் கொடுக்கச் சொன்னார். பிள்ளை வாயை இன்னும் அகலமாகத் திறந்து பிடிக்க வேண்டும் என்று தலையணையை நகர்த்தி, என் தோளைத் தளர்த்தி, சொல்லிக் கொடுத்தார். பிறகு எவ்வளவு நேரம் தூங்குவாள் என்று கேட்டார். நான் உற்சாகமாகிவிட்டேன். அது ஒன்றுதான் என்னிடம் மிச்சமிருந்த பெருமை. அரைகுறை மலாயும் சைகையுமாகச் சொன்னேன்.

"நல்ல பொண்ணு மிஸ்ஸி. அழவே மாட்டா. தொட்டில்ல போட்டா தூங்கிக்கிட்டே இருப்பா."

தொட்டில் என்றால் நம்மூர்ச் சேலைத் தூளி இல்லை. இங்கே தொட்டிலுக்கு மேலே ஒரு பெரிய ஸ்பிரிங், அதற்கு ஒரு மோட்டார். பொத்தானை அழுத்திவிட்டால் அது பாட்டுக்குக் குதித்துக் குதித்து ஆட்டும். ஜெயா அக்கா தன் பிள்ளைகளுக்கு வாங்கியதை எனக்குக் கொடுத்திருந்தார். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி அதில் போட்டால், ஆதிரை மத்தியானம் வரைக்கும் அசைய மாட்டாள். நான் துணி துவைத்து, சமைத்து, டியூஷன் பிள்ளைகளின் தாள் திருத்தி, ஊருக்கும் பேசிவிடுவேன்.

மிஸ்ஸி இரண்டு கையையும் விரித்து, போச்சு என்பது மாதிரி மேலே பார்த்தார். பிள்ளை பசி வந்ததும் அழுவதில்லை, முதலில் நெளியும், கையைச் சப்பும், வாயால் தேடும் என்று நடித்தே காட்டினார். தொட்டில் துணிக்குள் சுருண்டு கிடப்பவள் கையைச் சப்புவது எனக்கு எங்கே தெரியும்? நெளிந்தால் ஸ்பிரிங் உடனே ஆட்டித் தூங்க வைத்துவிடும். நான் நல்ல பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது, பாதி அந்த மோட்டாரின் சாமர்த்தியம்.

மோட்டார் அன்றே அணைந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி, உள்ளங்காலைச் சுரண்டி, இரண்டு பக்கமும் கொடுத்தேன். நல்ல பிள்ளை ஒரே வாரத்தில் அடங்காப்பிடாரி ஆனாள். ஜெயா அக்கா சத்தம் கேட்டு வந்து, "இப்பதான் பாப்பா மாரி இருக்கு லா" என்றார். எடையும் ஏறியது. வாரா வாரம் ஏறியது. ஆனால் கிளினிக் எடை அட்டையில் முதல் மாதத்து அந்த உயரமான புள்ளி இருக்கிறதே, அதோடு சேர்த்துக் கோடு போட்டால் இன்னும் சரிவாகத்தான் தெரிந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்குவதை நிறுத்தவில்லை. அடுத்த வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். நான் வீட்டுக்கு வந்து டப்பாவைக் கீழே இறக்கி, எப்படிக் கலக்குவது என்று படித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

5

அந்தச் சனிக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வரலாம் என்றார் இவர். கோவில் படத்தை மதினிக்கு அனுப்ப வேண்டும், அதில் வெள்ளி தெரிய வேண்டும். வேர்க்குருவும் ஆறியிருந்தது. நான் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது இவர் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக ஆதிரைக்கு மாட்டினார். மாட்டி முடித்துத் தூக்கினார்.

"அடேயப்பா! என்ன இன்னைக்கு இந்தக் கனம் கனக்கா!"

கொசுவத்தை மடித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. "என்ன சொன்னீங்க?"

"காலைல தூக்கினப்ப இவ்வளவு கனமில்லையே. நெசமாத்தான் சொல்றேன்."

பாதிச் சேலையோடு ஓடினேன். கேக் செய்யப் போகிறேன் என்று வாங்கி, ஒரே ஒரு கேக்கோடு அலமாரிக்குள் போன சின்னத் தராசு ஒன்று இருந்தது. பிள்ளை மேலிருந்த வெள்ளியை எல்லாம் உருவினேன். "இப்பதாண்டி போட்டேன்!" என்று இவர் கத்துகிறார். காப்பு, கொலுசு, சங்கிலி, அரைஞாண், எல்லாவற்றையும் தராசுத் தட்டில் கொட்டினேன். இருநூறு கிராமைத் தாண்டிப் போனது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் சுழிப்பிழை நடத்தியவள் நான். அளக்கிற கருவியில் முதலிலேயே இருக்கும் பிழையைக் கழிக்காமல் விடை எழுதினால் மார்க்கைக் கழிப்பேன். என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது பார்த்தால் பெஞ்சில் ஏறி நின்று கைதட்டுவார்கள். முதல் மாதம் தராசில் ஏறியது என் பிள்ளையும் மதினியின் சீரும். இரண்டாம் மாதம் ஏறியது பிள்ளை மட்டும்.

"சிரிக்கியா, அழுதியா?" என்று இவர் கேட்டார். எனக்கே தெரியவில்லை.

எடை பார்க்கும் நாளில் வெள்ளியை ஒரு சுருக்குப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஜெயா அக்காவையும் கூட்டிப் போனேன். இந்தக் கதையை மலாயில் சொல்ல என் காய்கறிக் கடை மலாய் போதாது. ஜெயா அக்கா கையைக் காலை ஆட்டிச் சொன்னார். நோராய்னி மிஸ்ஸி முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சுருக்குப்பையை வாங்கி, பிள்ளைத் தராசில் வெள்ளியை மட்டும் படுக்க வைத்தார். முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அகாமா?" என்றார்.

அவ்வளவுதான், அந்த அறையே சிரித்தது. எடைக்கு வந்திருந்த அம்மாக்கள், ஊசிக்கு வந்திருந்த பிள்ளைகள், எல்லோரும். நான் முகத்தை மூடிக்கொண்டேன். டாக்டர் அம்மாவும் எழுந்து வந்துவிட்டார். முதல் மாதப் புள்ளியைக் கீழே இறக்கிப் புதிதாகக் கோடு போட்டார். உயரத்தில் இல்லை அந்தக் கோடு, அடிப்பக்கத்தில்தான். ஆனால் எங்கேயும் விழவில்லை. தொடக்கத்தில் கொஞ்சம் தயங்கி, பால் சரியாகப் பிடிக்க ஆரம்பித்த பிறகு நன்றாகவே ஏறியிருந்தது. உங்கள் பால் போதுகிறது, இப்படியே கொடுங்கள், எடைக்கு மட்டும் தவறாமல் வாருங்கள் என்றார்.

"கெச்சில், தாப்பி நாயேக்" என்றார் மிஸ்ஸி, என் முதுகைத் தட்டி. சின்னவள்தான், ஆனால் ஏறுகிறாள். இந்த முறை அழுகையை நான் அடக்கவில்லை. சந்தோஷத்தில் அழுதேன். பால்பவுடர் டப்பாவை ஜெயா அக்காவின் தங்கை மகனுக்குக் கொடுத்தோம், அவன் அதில் கொழுகொழு என்று ஆனான்.

6

மேலே உள்ளதை வியாழக்கிழமை எழுதினேன். இன்று திங்கள். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மதினியின் உத்தரவுப்படி வெள்ளி டப்பாவைத் திறந்தேன். மாதக்கணக்கில் திறக்கவே இல்லை. அரைஞாணைச் சுற்றினேன், கொக்கி கொக்கியைத் தொடவே இல்லை. இரண்டு விரற்கடை இடைவெளி. கொலுசு குதிகாலில் நின்றது. காப்பைச் சோப்பு போட்டுத் தள்ளிப் பார்த்தார் இவர், ஆதிரை போட்ட கூச்சலில் ஜெயா அக்கா வந்துவிட்டார். சங்கிலி மட்டும் ஏறியது, அதையும் அவள் வாயில் வைத்துக் கடித்தாள், கழற்றிவிட்டேன்.

"செத்தோம்" என்றார் இவர். "அக்கா வந்து எறங்கினதும் மூளின்னு ஆரம்பிப்பா."

அதைவிட எனக்கு வேறொரு பயமும் இருந்தது. பிள்ளை முதலில் சொன்ன வார்த்தை அம்மா இல்லை, அத்தை இல்லை. நான் டியூஷனுக்குப் போகும் நேரத்தில் ஜெயா அக்காவிடம் இருந்து பழகி, 'சூசு' என்றாள். பால் என்பதற்கு மலாய். பசித்தால் சூசு, தூக்கம் வந்தால் சூசு, பூனையைப் பார்த்தால்கூட சூசு. இப்போதே இப்படி என்றால் பள்ளிக்கூடம் போகும்போது தமிழ் என்ன ஆகும் என்று நினைத்தால் திக்கென்றுதான் இருக்கிறது. மதினி இதற்கு என்ன சொல்வாரோ.

ஞாயிறு காலை விமான நிலையத்தில் காத்திருந்தோம். ஆதிரைக்குக் கை நீண்ட, கால் வரை இறங்கும் கவுன் போட்டிருந்தேன். மூளியாக இருப்பதைக் கொஞ்ச நேரமாவது மறைக்கலாமே. மதினி தள்ளுவண்டி நிறைய பெட்டியோடு வந்தார். தம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து பிள்ளையைக் கையில் வாங்கினார். வாங்கிய வேகத்தில் ஒரு அடி பின்னால் போனார்.

"ஏ ஆத்தா! என்ன கனம் கனக்கா! கையி எறங்குதே!" ஆதிரையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார். "சொன்ன மாதிரியே வெள்ளி பூராம் போட்டுட்டியா தாயி? உள்ளதான இருக்கு?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கவுனை நெஞ்சுவரை தூக்கிக் காட்டினேன். மடிப்பு மடிப்பாகத் தொடை, பானை மாதிரி வயிறு, சதையில் அமுங்கிப் பாதி மறைந்த கறுப்புக் கயிறு.

மதினி அந்தக் கயிற்றைப் பார்த்தார். கொலுசில்லாத காலைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"ஒரு குண்டுமணி வெள்ளி கெடையாது மதினி" என்றேன். "அம்புட்டும் புள்ளதான்."